கோல்பந்துக் கரடி ஏன் பேசுவதில்லை

அந்தக் காலத்தில் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் வாய் இருந்தது. வாய் இப்போதும்தான் இருக்கிறது. நான் சொல்வது பேசுகிற வாயை. உழுகிற மாடு நடுவயலில் நின்றுகொண்டு உழவனோடு வாதாடும். கோழி முட்டையிட்டுவிட்டு அக்கம்பக்கத்தைக் கூட்டி வைத்து விவரம் சொல்லும். யாரும் அதை அதிசயமாக நினைக்கவில்லை. ஊருக்குள் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்போது தெற்குச் சீமையில் கோல்பந்து என்று ஓர் ஆட்டம் உண்டு. நுனி வளைந்த கோலால், மூங்கில் வேரைக் கடைந்து செய்த பந்தை அடித்துக்கொண்டு போய் எதிராளியின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே புகுத்த வேண்டும். இன்றைய ஹாக்கிக்குக் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்தரை எல்லாம் கிடையாது. கட்டாந்தரைதான், விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். வெயில் தணிந்த பிறகு தொடங்கி, பந்து கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் ஆடுவார்கள். பொழுதுபோக்குக்காக ஆடியவர்களும் இருந்தார்கள், அதையே பிழைப்பாக வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். நாவக்குளத்து அணி இரண்டாவது ரகம். ஊர்க் களஞ்சியத்திலிருந்து அவர்களுக்கு நெல் அளந்தார்கள். கோலைப் பிடிக்கிற வரைக்கும் நெல் வரும். கோலைக் கீழே வைத்தால் நெல்லும் நின்றுபோகும்.

அப்படிப் பிழைப்புக்கு ஆடுகிற அணி ஒவ்வொன்றும் ஒரு பிராணியைக் கூடவே வைத்திருக்கும். ஆட்டத்துணை என்று அதற்குப் பெயர். ஆட்டத்துணையின் வேலை ஆடுவது அல்ல, பேசுவது. ஆட்டம் தொடங்கும் முன்பு இரண்டு அணிகளின் துணைகளும் மைதானத்தின் நடுவில் வந்து நிற்கும். ஒன்று மற்றதைக் கேலி செய்யும். மற்றது உடனே பதிலடி கொடுக்க வேண்டும். பதில் வரத் தாமதமானால் கூட்டம் கைதட்டத் தொடங்கும். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. அந்தத் தட்டு ஓய்வதற்குள் வாய் திறக்காத துணை தோற்றது. ஜெயித்த துணையின் அணிக்கு எந்த முனையில் நிற்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கும். நடுவில் முனை மாற்றுகிற வழக்கம் அப்போது இல்லை. ஆகவே இந்த வாய்ப்போரை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. சில ஊர்களில் ஆட்டத்தைவிட இதற்குத்தான் கூட்டம் வந்தது.

நாவக்குளத்தின் ஆட்டத்துணை ஒரு கரடி. பெயர் சடையன்.

மலையிலிருந்து தேன் தேடி இறங்கி வந்தவன், வழியில் கோல்பந்தைப் பார்த்து நின்றுவிட்டான். நின்றவன் சும்மா நிற்கவில்லை. ஒவ்வொரு ஆட்டக்காரனைப் பற்றியும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தான். கூட்டம் சிரித்தது. ஒரு கரடியைப் பார்த்து ஊரே சிரித்தால் அது மலைக்குத் திரும்பிப் போகுமா? சடையன் போகவில்லை. முதலில் அவனை ஆடவே வைத்துப் பார்த்தார்கள். பந்தின் மேலேயே விழுந்து, அதைத் தேட வைத்தான். அதற்குப் பிறகு கோலை அவனிடம் கொடுப்பதில்லை.

அவன் குணத்தைச் சொல்ல வேண்டுமென்றால், நல்லவன், ஆனால் ஓயாதவன். கல்யாண வீடுகளுக்கு அழைக்காமலே போவான், போய் மாப்பிள்ளையின் காதைப் பற்றிப் பேசுவான். இலுப்பைப் பூ உதிர்கிற மாதத்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, போதையில் கிணற்றோடு பேசிக்கொண்டிருப்பான். தன் முடியின் மேல் அவனுக்கு அபார மோகம். கருவேல முள்ளால் நாள் முழுக்கச் சீவுவான். அவன் சொன்ன வேடிக்கைக்கு யாரும் சிரிக்காவிட்டால் அன்றைக்குச் சாப்பிட மாட்டான். மறுநாள் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவான் என்பது வேறு விஷயம்.

வாய்ப்போரில் அவன் தோற்றதே இல்லை.

அணியில் அவனுக்கு மிக நெருக்கமானவர் கம்பக்காவல் சொரிமுத்து. இரண்டு கம்பங்களுக்கும் நடுவே நின்று பந்தைத் தடுக்கிறவர். மற்றவர்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுகொண்டிருக்க வேண்டிய வேலை அது. கரடிக்கும் ஓடுகிற வேலை இல்லை. கம்பத்துக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டு பேசுவான். சொரிமுத்து அதிகம் பேசாத மனிதர், கேட்டுக்கொண்டிருப்பார். பேசுகிறவனுக்கு இதைவிட நல்ல நண்பன் எங்கே கிடைப்பான்?

ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில், சாதாரணமாக உருண்டு வந்த பந்து ஒன்றைச் சொரிமுத்து விட்டுவிட்டார். கையை நீட்டினார், பந்து அங்கே இல்லை.

"என்ன அண்ணாச்சி, பந்துக்கு வழிவிட்டு மரியாத பண்ணுதீங்களா?" என்றான் சடையன்.

சொரிமுத்து சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு அவனைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப் போனார்.

"சடையா, ஒண்ணு சொல்லுதேன். வெளிய போகக் கூடாது."

"சொல்லுங்க."

"எனக்கு மாலைக்கண்ணு. பொழுது எறங்குனா கண்ணு அவிஞ்சு போவுது. பந்து வர்ற சத்தம் கேக்கு, பந்து தெரியல."

சடையன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "மாசானத்துக்குத் தெரியுமா?"

மாசானம் அணியின் தலைவன். "தெரிஞ்சா நிறுத்திருவான்" என்றார் சொரிமுத்து. "அவன் மேலயும் தப்பு இல்ல. ஆனா எனக்கு வேற வேல தெரியாது பாத்துக்கோ. இந்தக் கம்பத்த விட்டா நான் யாரு?"

அன்றைக்கு இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பொழுது இறங்கிய பிறகு கரடி பார்ப்பான், சொல்வான், சொரிமுத்து பாய்வார். இடது, வலது என்று வெளிப்படையாகச் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் பந்து வலப்பக்கம் வந்தால் "தேன்" என்று கத்துவான். இடப்பக்கம் வந்தால் "புத்து" என்று கத்துவான். கரடிக்குத் தேனும் கறையான் புற்றும்தானே நினைப்பு, பசி நேரம் வந்துவிட்டது என்று கூட்டம் சிரித்துக்கொள்ளும். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. நாவக்குளத்து மைதானத்தின் ஒரு முனை குளத்தங்கரையை ஒட்டியது. சூரியன் மறைந்த பிறகும் குளத்துத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வெளிச்சம் தங்கியிருக்கும். அந்த முனையில் நின்றால் சொரிமுத்துவுக்கு இன்னும் கொஞ்சம் கண் தெரியும். அந்த முனையை வாங்கித் தருவது சடையனின் வாய்ச் சாமர்த்தியம். தன் பேச்சால் ஒரு மனிதர் பிழைக்கிறார் என்பதில் அவனுக்கு உள்ளூரப் பெருமை. வெளியே சொல்ல முடியாத பெருமை. வாயாடிகளுக்கு அதைப் போலத் தொந்தரவு வேறு கிடையாது.

இப்படியே நாள் ஓடியது.

அந்த வருஷத்து அறுவடை முடிந்ததும் ஓடைக்கரை அணி ஆட வந்தது. ஓடைக்கரைதான் அந்தச் சீமையில் பெரிய கை. அவர்களுடைய ஆட்டத்துணை ஒரு மைனா, பவளாயி என்று பெயர். கைக்குள் அடங்குகிற உடம்பு. வாயோ சந்தை வாய். யார் பேசினாலும் ஒரு தடவை கேட்டால் போதும், அதே குரலில் திருப்பிச் சொல்லிவிடுவாள். புருஷன் குரலில் பேசி, ஒரு வீட்டில் சோற்றுப்பானையையே வெளியே வைக்கச் செய்தாள் என்று சொல்வார்கள்.

இரண்டு துணைகளும் நடுவில் வந்து நின்றார்கள். கரடிக்கு முன்னால் மைனா ஒரு மண்ணாங்கட்டி அளவுதான் இருந்தாள்.

"யாருவே அது, சத்தம் மட்டும் கேக்கு, ஆளக் காணோம்?" என்று சடையன் ஆரம்பித்தான்.

"ஆளு இங்கதான் இருக்கு. உம்ம கண்ணுல முடி விழுந்து மறைக்குது. கொஞ்சம் செரைக்கச் சொல்லும்" என்றாள் பவளாயி.

கூட்டம் சிரித்தது. இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். சடையன் ஓடைக்கரைத் தலைவன் உலகனின் நடையைக் கேலி செய்தான். பவளாயி நாவக்குளத்துச் சோற்றைக் கேலி செய்தாள். யாருக்கு யார் குறைச்சல் என்று சொல்ல முடியவில்லை. பிறகு பவளாயி குரலைத் தாழ்த்திக்கொண்டு, கேலி இல்லாமல், விசாரிக்கிற மாதிரி ஒன்று கேட்டாள்.

"நெசமாவே கேக்கேன், சொல்லும். நாவக்குளம் ஜெயிக்குது. அடிக்கவன் அடிக்கான், தடுக்கவன் தடுக்கான். நீரு என்ன செய்யுதீரு? தேனு தேனுன்னு கத்துதீரு. உம்ம இன்னிக்கு மலைக்கு ஓட்டிவிட்டா இந்த அணிக்கு என்ன கொறையும்?"

சடையன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

கேலி என்றால் அவனிடம் மூட்டை கணக்கில் இருந்தது. இது கேலி இல்லை. அவன் மனசில் அவனே அப்போதைக்கப்போது கேட்டுக்கொண்ட கேள்வி. அதற்கு உண்மையான பதிலும் அவனிடம் இருந்தது. அதைத்தான் சொல்லக் கூடாது. கூட்டம் கைதட்டத் தொடங்கியது. மெதுவாக. சடையன் கம்பத்தடியைப் பார்த்தான். சொரிமுத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். குளத்து முனை போய்விட்டால் அவர் என்ன செய்வார் என்று நினைத்தான். தட்டு வேகமானது. ஊர்க்காரர்கள் முகங்களைப் பார்த்தான். நாவக்குளத்துக்காரர்களில் சிலரே கேள்வி நியாயம்தானே என்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன செய்யுதேனா?" என்று கத்தினான். "பொழுது எறங்குனா எங்க கம்பக்காவலுக்குக் கண்ணு தெரியாது. நான்தான் பாத்துச் சொல்லுதேன். எங்க அண்ணாச்சிக்கு நான்தான் கண்ணு. போதுமா?"

கைதட்டு நின்றது.

பவளாயியிடம் பதில் இல்லை. விதிப்படி கூட்டம் அவளுக்கும் கைதட்ட வேண்டும்; யாருக்கும் கை எழவில்லை. நடுவர் சடையனைப் பார்த்துத் தலையசைத்தார். வாய்ப்போரில் அவன் ஜெயித்துவிட்டான். குளத்து முனையும் கிடைத்துவிட்டது.

சடையன் திரும்பி நடந்தான். பாதி தூரம் வந்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. மாசானம் சொரிமுத்துவைப் பார்த்தான். சொரிமுத்து குனிந்து காலடியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, கம்பங்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டார். வேறு கம்பக்காவல் கிடையாது. ஆட்டம் தொடங்கியது.

வெளிச்சம் இருக்கிற வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. சொரிமுத்து எப்போதும் போல எல்லாவற்றையும் தடுத்தார். நாவக்குளம் இரண்டு பந்துகளைப் புகுத்தியது. கரடி சும்மா ஒரு பேச்சுக்குத்தான் அப்படிச் சொன்னான் போல என்று கூட்டத்தில் பாதிப்பேர் மறந்தே போனார்கள். மறக்காதவள் பவளாயி. பந்து வரும்போதெல்லாம் கரடியின் வாயையே கவனித்துக்கொண்டிருந்தாள். பொழுது இறங்கியது. "தேன்" என்று அவன் கத்த, சொரிமுத்து வலப்பக்கம் சரிந்து ஒன்றைத் தடுத்தார். "புத்து" என்று கத்த, இடப்பக்கம் ஒன்றைத் தடுத்தார். மைனாவுக்கு அது போதும்.

அவள் பறந்து வந்து கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தாள். உலகன் பந்தோடு இறங்கி வந்து இடது மூலைக்கு அடித்தான்.

"தேன், தேன்" என்றாள் பவளாயி, சடையனின் குரலில்.

சொரிமுத்து வலப்பக்கம் பாய்ந்தார். பந்து இடப்பக்கம் போய்ச் சேர்ந்தது.

"நான் சொல்லல அண்ணாச்சி" என்று சடையன் பதறினான்.

"நான் சொல்லல அண்ணாச்சி" என்றாள் பவளாயி, அதே பதற்றத்தோடு.

"அவ மைனா. நான்தான் சடையன்."

"அவ மைனா. நான்தான் சடையன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சொரிமுத்து இருட்டில் எழுந்து நின்றார். உடம்பெல்லாம் புழுதி. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் இரண்டு குரல்களுக்கும் நடுவே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு பேரும் வாய மூடுங்கல."

அவர் அவனிடம் அப்படிப் பேசியதே இல்லை. சடையன் வாயை மூடினான். இனித் தான் எதைச் சொன்னாலும் அது இரண்டாகத்தான் போய்ச் சேரும். அவனிடம் இருந்த ஒரே சாமான் பேச்சு. அதை இன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து வாரி இறைத்து, கடைசியில் எதிராளி கையிலேயே கொடுத்தாயிற்று. அழுகை வந்தது. கரடி அழுதால் யாருக்குத் தெரியும், முகமெல்லாம் முடி.

ஓடைக்கரைக்காரர்கள் மறுபடியும் பந்தோடு இறங்கினார்கள். இது வலப்பக்கமாக வந்தது. "புத்து" என்று பவளாயி கூவினாள். சடையன் யோசிக்கவில்லை. கம்பத்துக்குப் பின்னால் வலப்பக்கமாக ஓடினான், ஓடிய வேகத்தில் இரண்டு காலையும் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தான். திம்மென்று ஒரு மிதி. கட்டாந்தரை அதிர்ந்தது. சொரிமுத்துவின் வெறுங்காலில் அந்த அதிர்வு ஏறியது. ஒரு கணம் நின்றார். மைனா எத்தனை குதித்தாலும் மண் அதிராது என்பது அவருக்குப் புரிந்தது. வலப்பக்கம் பாய்ந்தார். பந்து கையில் வந்து விழுந்தது.

அதன் பிறகு சடையன் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்து இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம் ஓடி மிதித்தான், வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம் ஓடி மிதித்தான். நேராக வந்தால் நடுவில் நின்று எகிறிக் குதித்தான். முடி நாலாபக்கமும் பறந்தது. என்ன நடக்கிறதென்று தெரியாத கூட்டம், கரடி ஆடுகிறான் என்று நினைத்து ஆரவாரம் செய்தது. பவளாயியும் பக்கத்தில் நின்று மிதித்துப் பார்த்தாள். கூட்டம் இன்னும் அதிகமாகச் சிரித்தது. பந்து யாருக்குமே தெரியாத அளவுக்கு இருட்டிய பிறகு நடுவர் கொம்பு ஊதினார். நாவக்குளம் ஜெயித்திருந்தது.

ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கதைகளில் சொல்வார்கள். இங்கே ஆகவில்லை.

மாசானம் சொரிமுத்துவிடம் வந்தான். சத்தம் போடவில்லை.

"கரடி சொன்னது மெய்தானா அண்ணாச்சி?"

"மெய்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

"சொன்னா நிறுத்தியிருப்ப."

"ஆமா, நிறுத்தியிருப்பேன்."

"அதான் சொல்லல."

மாசானம் ஓடைக்கரைக்காரர்கள் போகிற பக்கம் பார்த்தான். "இன்னிக்கு மைனாவ விட்டானுவ. அடுத்த ஊர்க்காரன் கொட்டுமேளம் கொண்டாருவான். தர பூராவும் அதிரும். அதுல கரடி மிதிக்கது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஊருக்கு நான் பதில் சொல்லணும் அண்ணாச்சி."

"எனக்குத் தெரியும். நீ போ."

அவ்வளவுதான். யாரும் யாரையும் திட்டவில்லை. சொரிமுத்து தன் கோலைக் கம்பத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் குளத்தில் இறங்கிக் கால் கழுவினார். சடையன் கரையில் உட்கார்ந்திருந்தான். சொல்வதற்கு அவனிடம் நிறைய இருந்தது. உங்களுக்காகத்தான் அந்த முனையை வாங்கினேன் என்று சொல்லலாம். வாய் தவறிவிட்டது என்று சொல்லலாம். மலைக்கே போய்விடுகிறேன் என்று சொல்லலாம். எல்லாமே ஓரளவுக்கு உண்மையும்கூட.

"அண்ணாச்சி" என்றான்.

"ஒண்ணும் சொல்லாதல" என்றார் சொரிமுத்து. குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "இருட்டிட்டு. வழி தெரியல. என்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

சடையன் எழுந்து முன்னால் நடந்தான். ஒவ்வோர் அடியையும் ஊன்றி மிதித்து நடந்தான். சொரிமுத்து அந்த மிதியைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தார்.

அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை. சபதம் கிபதம் ஒன்றும் எடுக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. சொரிமுத்துவே சில நாள் கழித்து, "போதும்ல, பேசு" என்றார். கரடி தலையை ஆட்டிவிட்டான். களஞ்சியத்து நெல் நின்றுபோன பிறகு சொரிமுத்து பகலில் கோல் வளைக்கிற வேலை செய்து பிழைத்தார். துணைக்கென்று அணி கொடுத்த தேனில் பாதி தினமும் அவர் வீட்டு வாசலில் இருக்கும். வைத்தது யாரென்று அவர் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஓடைக்கரையோடு மறுபடியும் ஆட்டம். பவளாயி நடுவில் வந்து நின்று தன் சரக்கை எல்லாம் இறக்கினாள். சடையன் எதிரே நின்று கேட்டுக்கொண்டான். கூட்டம் கைதட்டி ஓய்ந்தது. எதிராளி பதிலே சொல்லாதபோது ஜெயிப்பதில் ருசி இல்லை. பவளாயிக்கே கொஞ்ச நேரத்தில் சலித்துவிட்டது. ஒவ்வொரு ஊரிலும் இதுவே நடந்தது. கடைசியில் பெரியவர்கள் கூடிப் பேசி, வாய்ப்போரை விட்டுவிட்டு ஓட்டாஞ்சில்லின் ஒரு பக்கத்தில் எச்சில் தொட்டு, ஈரமா காய்ச்சலா, அதாவது நனைந்த பக்கமா காய்ந்த பக்கமா என்று மேலே சுண்டிப்போட்டு முனையைத் தீர்மானிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். சில்லுக்கு வாய் கிடையாது என்பது எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது.

சடையன் மட்டும் கோட்டுக்கு வெளியே அங்கும் இங்கும் ஓடி மிதித்துக்கொண்டே இருந்தான். கோட்டோரம் உட்கார்ந்திருக்கும் சொரிமுத்துவுக்குப் பந்து எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. கூட்டத்துக்கு அது தெரியாது. முன்பு அவன் பேச்சுக்குச் சிரித்ததைவிட இப்போது அதிகமாகச் சிரித்தார்கள். மற்ற ஊர்க்காரர்களும் தங்கள் துணைகளை மிதித்து ஆடப் பழக்கினார்கள். பவளாயிக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. பேசாமல் இருக்கச் சொல்கிற ஊரில் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, ஓடைக்கரையை விட்டே போய்விட்டாள்.

வருஷங்கள் போயின. ஓர் இலுப்பைப் பூக்காலத்தில், பூ உதிர்ந்து கிடந்த மரத்தடியில் படுத்த சடையன் எழுந்திருக்கவில்லை. சொரிமுத்து அவன் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கரடியின் முடியெல்லாம் நரைத்துப் போயிருந்தது. முள்ளால் அதைச் சீவிவிட்டார். அவருக்கும் அப்போது வயதாகிவிட்டது, பகலிலேயே கண் சரியாகத் தெரியாது.

துணை இல்லாமல் நாவக்குளம் ஆடிய ஆட்டங்களில் கோட்டோரம் வெறிச்சென்று இருந்தது. வேறொரு பிராணி பிடிக்கலாம் என்றார்கள். அதற்குள் சொரிமுத்து, ஆடு மேய்க்கிற கீதாரி ஒருவரிடம் கறுப்புக் கம்பளி வாங்கி, உடம்பு முழுக்க மூடுகிற மாதிரி தைத்துக்கொண்டார். பெரிய சுரைக்குடுக்கை ஒன்றைக் குடைந்து, ஆட்டு ரோமம் ஒட்டி, அதைத் தலையில் மாட்டிக்கொண்டார்.

மாசானமும் கிழவனாகியிருந்தான். பார்த்துவிட்டுப் பதறினான். "உள்ள இருந்தா ஒண்ணும் தெரியாதே அண்ணாச்சி."

"எனக்குத் தெரியாம இருக்கது புதுசா?" என்றார் சொரிமுத்து.

அதுதான் அவர் அந்த வேஷத்துக்குள்ளிருந்து பேசிய ஒரே பேச்சு. ஆட்டம் தொடங்கியது. கூட்டத்தின் சத்தம் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் ஓடி மிதித்தார். விழுந்தார், எழுந்தார், ஆடினார். சடையனே வந்துவிட்டான் என்று கூட்டம் கூத்தாடியது. ஆனால் அன்றைக்கு நாவக்குளம் தோற்றுவிட்டது. தடுத்திருக்க வேண்டிய சாதாரணப் பந்து ஒன்றைப் புதுக் கம்பக்காவல் விட்டுவிட்டான். கொம்பு ஊதிய பிறகும் அவன் கம்பத்தடியைவிட்டு எழுந்திருக்கவில்லை; தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அணியில் யாரும் அவன் பக்கம் போகவில்லை.

கம்பளிக் கரடி தட்டுத் தடுமாறி அந்தப் பக்கம் நடந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பந்தை விட்டுவிட்ட கம்பக்காவலிடம் என்ன சொல்லலாம் என்று அந்தச் சீமையிலேயே நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கம்பளிக்குள் இருந்தார். ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சொரிமுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, கனத்த கம்பளிக் கையை அவன் தோளில் போட்டுக்கொண்டார். அவன் அழுது முடிக்கிற வரைக்கும் அப்படியே இருந்தார்.

அன்று முதல்தான் எந்த ஊர் ஹாக்கி அணியானாலும் அதன் வேஷப் பிராணி கோட்டோரம் ஓடுகிறது, மிதித்து ஆடுகிறது, விழுந்து எழுந்து சிரிக்க வைக்கிறது. தோற்ற நாளில் கோல்காப்பாளன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வாயை மட்டும் திறப்பதில்லை.